நாலு விரல் மடங்கும் நேரம்

“ஏழோட அஞ்சைச் சேர்த்தா எத்தனை? சத்தமா சொல்லுங்க பார்ப்போம்!”

பக்கத்து அறையிலிருந்து வந்தது அவளுடைய குரல்தான். சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் எப்போதோ பேசிப் பதிவு செய்து, பள்ளிக்கூடம் திறக்கும்போதெல்லாம் தூசு தட்டி எடுத்து ஒலிபரப்பப்படும் இரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடம் அது. கேள்வி கேட்டுவிட்டு ரேடியோ சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு அதே குரல், யாரோ பதில் சொல்லிவிட்ட சந்தோஷத்தில், “ரொம்ப சரி! கெட்டிக்காரங்க! அடுத்தது, பத்துல நாலு போனா மிச்சம் எத்தனை?” என்றது.

அப்போதுதான் அந்த அறையில் இன்னொரு குரல் கேட்டது. கரகரப்பாக, எண்ணெய் காணாத கீல் மாதிரி.

“பன்...னெண்டு.”

கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது.

அந்த அறையில் இருந்தது அவள் கணவர் ஒருவர்தான். பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயிலிருந்து முழுதாக ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை. இன்று மதியம் அவருடைய அக்கா டாக்சியில் வந்து அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போகப்போகிறார். பெட்டி கட்டி வாசல் பக்கம் வைத்தாகிவிட்டது. கட்டி வைத்தவளும் அவள்தான்.

ஈரக் கையைத் துடைக்காமல் கதவோரம் போய் நின்றாள். ஜன்னல் பக்கத்து நாற்காலியில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, அவள் உட்கார வைத்தபடியே அவர் உட்கார்ந்திருந்தார். கண் ரேடியோ மேல் இருந்தது. ரேடியோ பத்தில் நாலைக் கழித்து, தானே பாராட்டிக்கொண்டு, “மூணும் மூணும்?” என்று கேட்டது.

“ஆறு” என்றார் அவர்.

அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பத்தில் நாலு போனாலும் ஆறு, மூன்றும் மூன்றும் சேர்ந்தாலும் ஆறு. இது எந்தக் கேள்விக்கு வந்த பதில்? மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். “எட்டுல ஒண்ணு போனா?” என்றது ரேடியோ. “ஆறு” என்றார் அவர் மறுபடியும். ரேடியோ சொன்னது: “ரொம்ப சரி!” பாடம் முடிந்து குருவிப் பாட்டு ஆரம்பித்தது. பாட்டின் இரண்டாவது அடி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் உதடு அசைந்தது.

“ஏழு.”

இனிச் சந்தேகமில்லை. அவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ரேடியோ அடுத்த கேள்விக்குப் போன பிறகு சொல்லியிருக்கிறார். தினமும் இந்த நேரத்தில் அவருக்குத் துணைக்கு ரேடியோவைப் போட்டுவிட்டு அவள் கடைக்குப் போய்விடுவாள். பெட்டி கட்டுகிற வேலையில் இன்றுதான் வீட்டில் தங்கினாள்.

*

ரேடியோ டீச்சர் என்றால் தெரியாத பள்ளிக்கூடம் அந்தப் பக்கத்தில் கிடையாது. அவள் முகம் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள். டிக்கெட் கேட்க வாயைத் திறந்தால் கண்டக்டரே கையைக் கட்டிக்கொண்டு, “நான் நாலாங்கிளாஸ் உங்ககிட்டதான் படிச்சேன் டீச்சர்” என்பார்.

ஆரம்பத்தில் அவளும் கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியுமாக இருந்தவள்தான். ஒரே ஆசிரியர் நாலு வகுப்பை வைத்துக்கொண்டு திண்டாடும் சின்னப் பள்ளிகளுக்காக ரேடியோவில் பாடம் நடத்தப்போகிறோம், நல்ல குரல் உள்ளவர்கள் வரலாம் என்று வானொலி நிலையம் அறிவித்தது. அவளைத் தலைமையாசிரியர் அனுப்பி வைத்தார். குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக அல்ல. அவள் போடும் சத்தத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்த முடியவில்லை என்பதற்காக.

ஒலிப்பதிவு அறை என்பது நாலு பக்கமும் துணி ஒட்டிய ஒரு பெட்டி. நடுவில் ஒரு மேஜை, ஒரு மைக், எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் ஒத்திகையில் அவள் கூட்டல் கணக்கை நிறுத்தாமல் படித்தாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. மூச்சு விட்டால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பது போல் ஒரு ஓட்டம். பாதியில் சிவப்பு விளக்கு அணைந்தது. ஸ்பீக்கரில் ஒலிப்பதிவாளர் குரல் வந்தது.

“டீச்சர், எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா பசங்க எப்ப சொல்லுவாங்க?”

எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வகுப்பில் என்றால் பிள்ளைகளின் முகம் இருக்கும். இங்கே மைக்தான் இருந்தது. அதற்கு முகம் இல்லை. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வலது கையைத் தூக்கி, கட்டை விரலை உள்ளே மடக்கிக்கொண்டு நாலு விரலைக் காட்டினார். கேள்வி முடிந்ததும் ஒவ்வொன்றாக மடக்கினார். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி. நாலும் மடங்கியதும் அவள், “ரொம்ப சரி!” என்றாள். அன்று முதல் அதுதான் அளவு. நிலையத்தில் அவருக்கு நாலுவிரல் என்றே பெயர் வந்துவிட்டது.

ஒருமுறை மட்டும் அந்த அளவு தப்பியது. ஒன்பதும் எட்டும் எத்தனை என்று கேட்டுவிட்டு அவள் கண்ணாடியைப் பார்த்தால், அவர் விரலை மடக்காமல் தும்மிக்கொண்டிருந்தார். தும்மல் ஒன்றோடு நிற்கவில்லை. அவள் காத்திருந்தாள். அந்தக் காலத்தில் பாடம் நேரடியாகவே ஒலிபரப்பாகும். மாடியில் ஒலிபரப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அதிகாரி, சத்தம் வரவில்லையே, கம்பி அறுந்துவிட்டதோ என்று பயந்து, அவசரத்துக்கு வைத்திருந்த புல்லாங்குழல் இசையைத் தட்டிவிட்டார். அடுத்த வாரம் ஒரு பள்ளியின் ஆசிரியர் கார்டு போட்டிருந்தார். ஒன்பதும் எட்டும் எத்தனை என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் புல்லாங்குழல் என்கிறார்கள், என்ன செய்வது?

நிலையம் சிரித்தது, இயக்குநர் சிரிக்கவில்லை. நாலு விரலுக்கு மேல் ஒரு நொடி அமைதி இருந்தாலும் பாடமே நின்றுவிடும் என்று எச்சரித்தார். அதன் பிறகு அவளுக்கு அந்த நாலு விரல் இரத்தத்தில் ஊறிப்போனது. கண்ணாடியைப் பார்க்காமலே சொல்லுவாள்.

நாலுவிரல் கல்யாணப் பேச்சை எடுத்ததும் அந்த ஸ்பீக்கரில்தான். பாடம் முடிந்து அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, “டீச்சர், ஒரு கேள்வி. என்னைக் கட்டிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டு, கண்ணாடியில் நாலு விரலைத் தூக்கினார். மூன்றாவது விரல் மடங்குவதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள். பாடத்தில் அவ்வளவு அவசரப்பட்டிருந்தால் வேலை போயிருக்கும் என்று அவர் பிறகு பல வருஷம் கேலி செய்தார்.

பிள்ளைகள் பிறக்கவில்லை. அதற்காக அழ வேண்டியதை அழுது முடித்து வெகு காலம் ஆகிறது. அவர் ஓய்வு பெற்றார். அவள் புதிய பாடங்களுக்கு மட்டும் நிலையத்துக்குப் போய் வந்தாள். ஒரு நாள் காலை, முகச் சவரம் செய்துகொண்டிருந்தவரின் கையிலிருந்து பிளேடு நழுவியது. கண்ணாடி முன்னால் நின்றபடியே சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கை மடியில் கிடந்தது. நாலு விரலும் ஒரேயடியாக மடங்கியிருந்தன. இனி அவற்றை ஒவ்வொன்றாக யாரும் மடக்க வேண்டியதில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் டாக்டர் சில மாதம் வீட்டுக்கு வந்தார். “அவருக்கு டைம் குடுங்கம்மா. அவசரப்படுத்தாதீங்க” என்றார். அவளுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. டைம் கொடுப்பதைப் பற்றி அவளுக்கே பாடமா? நாடெங்கும் முகம் தெரியாத பிள்ளைகளுக்கு டைம் கொடுத்தே பாதி ஆயுள் போயிருக்கிறது.

அப்படித்தான் அவள் கொடுத்தாள். “பால் வேணுமா?” என்பாள். மனதுக்குள் நாலு விரல் மடங்கும். “சரி, வேணாம்” என்று டம்ளரை எடுத்துப் போய்விடுவாள். “ஜன்னலைச் சாத்தட்டுமா?” நாலு விரல். “சரி, சாத்திடறேன்.” அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். பிறகு கேட்பதையும் குறைத்துக்கொண்டாள்.

போன மாதம் அவரைக் குளியலறையிலிருந்து தூக்கும்போது அவள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்று இரவு இருவரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள், மேல் வீட்டுக்காரர் வந்து தூக்கிவிடும்வரை. விஷயம் நாத்தனார் காதுக்குப் போயிற்று. போனில் அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். தன் வீடு தரைத்தளம். பார்த்துக்கொள்ள நர்ஸ் வேலை தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் தான். கடைசி வரை தானே பார்த்துக்கொள்வதில் என்ன தப்பு? அவள் களைத்துப்போயிருந்தாள். சரி என்றாள்.

அவரிடமும் கேட்கத்தான் செய்தாள். கட்டில் பக்கத்தில் குனிந்து, “அக்கா வீட்டுக்குப் போறீங்களா?” என்றாள். நாலு விரல் மடங்கும் நேரம் நின்றாள். பிறகு, “சரிங்க” என்று பெட்டியை இறக்கப் போய்விட்டாள். அலமாரி மேலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தபோது அறைக்குள் ஏதோ சத்தம் கேட்டது. இருமல் என்று நினைத்தாள்.

இப்போது கதவோரம் நின்றுகொண்டு, அது இருமல்தானா என்று யோசித்தாள்.

*

உள்ளே போய் ரேடியோவை நிறுத்தினாள். அவர் முகம் சுளித்தார். அவசரமாக மறுபடி போட்டாள். குருவிப் பாட்டு முடிந்து செய்தி வந்துகொண்டிருந்தது.

“டீ வேணுமா?” என்று கேட்டுப் பார்த்தாள்.

மனதுக்குள் விரல்கள் மடங்கின. நாலாவது மடங்கியதும் அவள் வாய் தானாகத் திறந்து, “ரொம்ப...” என்று ஆரம்பித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வலித்தது. வலி அடங்குகிற நேரத்தில் அவர் தலையை இட வலமாக ஆட்டி, “வேணாம்” என்றார். சொல்லிவிட்டு, என்ன இது அதிசயமாக இன்னும் இங்கேயே நிற்கிறாள் என்பது போல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

அந்த நிமிஷமே அந்தப் பெரிய கேள்வியையும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உருளைக்கிழங்கை ஊட்டினாள், வாயைத் துடைத்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்த சமையலறைத் தரையை இன்னொரு முறை துடைத்தாள். அவள் பயந்தாள் என்பதுதான் உண்மை. இத்தனை வருஷத்தில் ரேடியோவில் அவள் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை கையிலிருக்கும் காகிதத்தில் இருக்கும். விடை தெரியாத கேள்வி ஒன்றை அவள் கேட்டதே இல்லை. அவராகவே போகிறேன் என்று சொல்லிவிட்டால்? இப்போது அவர் போனால் அது அக்கா அழைத்துக்கொண்டு போனது. நாளைக்கு அக்கம்பக்கத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், தனக்குத் தானேயும் சொல்லிக்கொள்ளலாம். அவர் வாயால் சொல்லிக் கேட்டுவிட்டால் அதற்கு மேல் என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது?

துடைத்த தரை காய்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

நாத்தனார் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தார். கதவு திறக்கும்போது பாதி வாக்கியத்தில் இருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை, இந்தக் கட்டடத்துக்காரன் உருப்பட மாட்டான், டாக்சிக்காரனை நிற்கச் சொல்லியிருக்கிறேன், தம்பியைத் தூக்க அவனும் கை கொடுப்பான், ஆனால் அவன் முகமே சரியில்லை, சீக்கிரம் கிளம்ப வேண்டும், உன் இடுப்பு எப்படி இருக்கிறது. இவற்றில் எதற்கும் பதில் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பழப்பையை அவள் கையில் திணித்துவிட்டு நேரே உள்ளே போனார்.

நல்ல மனுஷி என்பதில் சந்தேகமில்லை. தம்பியின் காலடியில் உட்கார்ந்து, கலைந்திருந்த தலையைத் தன் சீப்பாலேயே வாரிவிட்டார். வாரும்போது கண் கலங்கியது. கண் கலங்கினாலும் பேச்சு நிற்கவில்லை.

“எப்படி இளைச்சுப்போயிட்டே பாரு. சாப்பிட்டியா? உனக்குன்னு மேற்குப் பக்க ரூமைத் தயார் பண்ணி வச்சிருக்கேன்டா. வெளிச்சம் நல்லா வரும். புதுக் கட்டில் போட்டிருக்கேன், டிவி வச்சிருக்கேன். இனிமே உனக்கு ஒரு குறையும் இல்ல. என்ன தம்பி, நம்ம வீட்டுக்குப் போலாமா?”

“ஆமா” என்றார் அவர்.

நாத்தனார் சீப்பைக் கீழே போட்டார். தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பி, “கேட்டியா? பேசறான்டீ. ஆமான்னுட்டான். அக்கான்னதும் வாய் வந்துடுச்சு பாரு” என்றார்.

அவள் வாசற்படியில் பழப்பையோடு நின்றிருந்தாள். சும்மா இருந்தால் போதும். நாலு மாடிப் படி, ஒரு டாக்சி, அத்தோடு முடிந்தது. இடுப்புக்கும் நிம்மதி. அவரே ஆமா என்று சொன்னதற்கு இரண்டு பேர் சாட்சி.

ஆனால் அந்த ஆமா உடனே வந்துவிட்டது. கேள்வி முடிந்த அடுத்த நொடி வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் அவரால் பதில் சொல்ல முடியாது.

“அண்ணி” என்றாள். “அது அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் இல்லை.”

“பின்ன?”

“சாப்பிட்டியான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு.”

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். காலையில் ரேடியோவோடு நடந்ததை அவள் சொன்னாள். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, எட்டில் ஒன்று போக ஏழு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது நம்பும்படி இல்லை. நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கோபமும் வந்தது.

“ரேடியோவுல கேள்வி கேட்டுக் கேட்டு வீட்டையே கிளாஸ் ரூமா ஆக்கிட்டே டீச்சரம்மா. நீதானே போன்ல சரின்னே? இப்ப அவன் வாயால ஆமாங்கறப்போ இல்லைங்கறே. நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“நான்தான் சரின்னேன்.”

“அவனைக் கேட்டியா இல்லையா?”

“கேட்டேன் அண்ணி. காத்திருக்கலை.”

கீழே டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். நாத்தனார் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்து, இதோ வருகிறோம் என்று கையைக் காட்டினார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“சரி, கேளு. என் முன்னாலயே கேளு. அவன் என்ன சொல்றானோ அதுதான். அப்புறம் யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது.”

அவள் பழப்பையை மேஜை மேல் வைத்தாள். ரேடியோவை நிறுத்தினாள். இந்தத் தடவை அவர் முகம் சுளிக்கவில்லை. எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள். பாடம் ஆரம்பிக்கும் முன் செய்வது போல் தொண்டையைச் செருமிக்கொண்டாள். கேட்டபோது குரல் அவள் நினைத்த உயரத்தில் வரவில்லை.

“அக்காகூடப் போறீங்களா?”

சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல். ஆள்காட்டி.

ஒன்றும் இல்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மாடியில் புல்லாங்குழலைத் தட்டிவிட யாரும் இல்லை. இருந்தாலும் அவள் முதுகில் வேர்த்தது.

“பாரு, அவனுக்கு...” என்று நாத்தனார் ஆரம்பித்தார்.

அவள் திரும்பாமலே கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவர் காட்டுவாரே, பேசாதே என்று, அதே மாதிரி. நாத்தனார் வாயை மூடிக்கொண்டார். கணவரின் கண் அந்த உள்ளங்கைக்குத் திரும்பியது. அங்கேயே நின்றது.

அவள் கட்டை விரலை உள்ளே மடக்கிக்கொண்டாள். அவர் பார்க்க, நாலு விரலையும் ஒவ்வொன்றாக மடக்கினாள். நாலும் மடங்கியதும் கையைத் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மேல் வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. டாக்சி ஹாரன் மறுபடி கேட்டது, இந்த முறை நீளமாக. நாத்தனார் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். நாற்காலியில் இருந்தவர் நெற்றியில் ஒரு நரம்பு எழும்பி அடங்கியது. உதடு குவிந்தது, பிரிந்தது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஒன்றைக் கையை விட்டுத் துழாவுகிறவர் மாதிரி இருந்தது அந்த முகம். இத்தனை மாதமும் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் இப்படித்தான் துழாவியிருக்க வேண்டும். எடுத்துக்கொண்டு மேலே வந்து பார்க்கும்போது கரையில் ஆள் இருந்திருக்காது.

அவள் கை மூன்றாம் முறையும் மடங்கித் திறந்தது.

“போகலை” என்றார்.

குரல் கரகரத்தது. சொல்லில் பிசிறு இல்லை.

அவள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப சரி என்று சொல்லவில்லை.

நாத்தனார் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். “ஏன்டா?” என்றார். “நான் பார்த்துக்க மாட்டேனா? இங்க என்னடா இருக்கு உனக்கு? லிஃப்ட் கூட வேலை செய்யல.” கேட்டுவிட்டு, வழக்கம் போல் பதிலுக்கு நிற்காமல் எழுந்து பையைத் தேடினார். அவள் மறுபடி கையைத் தூக்கவில்லை. தூக்கினால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. நாத்தனார் பையைக் கண்டுபிடித்து, சீப்பை அதில் போட்டு, சீப்பில் ஒட்டியிருந்த நரை முடியைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப எடுத்துச் சுத்தம் செய்து, மாத்திரையெல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிறாயா என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாடம்... இருக்கு” என்றார் அவர்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நாளைக்கு” என்று சேர்த்துக்கொண்டார்.

முதலில் நாத்தனார்தான் சிரித்தார். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து இரண்டாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறானே, போன தடவை இவன் எழுதிய கணக்குப் பரீட்சை எப்படிப் போனது என்று எனக்கல்லவா தெரியும் என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவர், தம்பியின் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகை அடங்கும்வரை யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் நாத்தனார் பேசாமல் இருந்த அதிகபட்ச நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும் பழைய ஆளாகிவிட்டார். அந்த நர்ஸ் பெண்ணை நாளையிலிருந்து காலை வேளையில் இங்கே அனுப்புவதாகச் சொன்னார். தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. “நீ தொடாதே. உன் இடுப்பும் போச்சுன்னா ரெண்டு பேரையும் நான்தான் தூக்கணும். எனக்கும் வயசாகுது.” வாசலில் இருந்த பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளி, இதை முதலில் பிரி, வழியில் கிடக்கிறது என்றார்.

செருப்பை மாட்டிக்கொள்ளும்போது குரல் தாழ்ந்தது.

“அன்னைக்கும் சொல்லியிருப்பான், இல்ல?”

“சொல்லியிருப்பார். நான் பெட்டி இறக்கிட்டிருந்தேன்.”

நாத்தனார் அவள் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டு விட்டார். கீழே ஹாரன் விடாமல் அடித்தது. “அவனுக்கு என்ன அவசரம், ரயிலா ஓட்டறான்?” என்று முணுமுணுத்துவிட்டு, உள்பக்கம் பார்த்து உரக்கக் குரல் கொடுத்தார்.

“தம்பி, போயிட்டு வரேன்டா!”

சொல்லிவிட்டு இரண்டு படி இறங்கிவிட்டார். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்காததால் நின்று திரும்பினார். அவள் ஒரு கையால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

“என்ன?”

அவள் மற்றக் கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள். நாத்தனாருக்கு அப்போதுதான் விளங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். ஹாரன் அடித்து ஓய்ந்தது. கீழ் வீட்டில் யாரோ கதவைத் திறந்து, சத்தம் போடுவது யார் என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“போயிட்டு... வாக்கா.”

நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, ஒரு வார்த்தையும் பேசாமல், ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அந்தக் காலடிச் சத்தம் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை நின்றிருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.